மினிட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்னென்ன பொருள்? அதை எப்படி அசை பிரிப்பது?

எந்த மினிட் என்று தெரியாமல் அசை பிரிக்க முடியாது. எம், ஐ, என், யூ, டி, இ என்ற அதே ஆறு எழுத்துகளுக்குள் இரண்டு சொற்கள் குடியிருக்கின்றன.

மொழிபெயர்ப்பு வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இயந்திரக் கையேட்டில் இது என் காலை வாரியது. குழாயில் விரிசல் உண்டா என்று பார்க்கச் சொல்லும் வரி. 'நிமிட விரிசல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். திருத்தியவர் ஓரத்தில், 'எத்தனை மணிக்கு விரியும்?' என்று மட்டும் குறித்திருந்தார். அது நுண்ணிய விரிசல். அந்தப் பொருளில் உச்சரிப்பு மைன்யூட். அழுத்தம் பின்பாதியில் விழும். நிமிடத்துக்கோ முன்பாதியில் அழுத்தம்.

அழுத்தம் மாறினால் பிரிப்பும் மாறும். நிமிடம் என்றால் எம்-ஐ-என் ஒரு துண்டு, யூ-டி-இ மறு துண்டு. முதல் உயிர் குறுகி ஒலிப்பதால் அகராதி அடுத்த மெய்யையும் அதோடு சேர்த்துவிடுகிறது. நுண்ணிய என்றால் எம்-ஐ தனி, மீதி நான்கும் தனி. ரெக்கார்ட் என்ற சொல்லிலும் இதே கதைதான்: பெயராக வந்தால் ஆர்-இ-சி வரை முதல் துண்டு, வினையாக வந்தால் ஆர்-இ மட்டும்.

இதில் செய்யுள் இலக்கணத்துக்குப் பழகிய நம் காதை நம்ப வேண்டாம். மினிட் நமக்கு ஒரே அசை, நிரையசை; மைன்யூட் இரண்டு நேரசை சேர்ந்த தேமா. ஆங்கிலம் உயிரொலிகளை எண்ணுகிறது; அதன் கணக்கில் இரண்டுமே ஈரசைதான்.

பொருள்களுக்கு வருகிறேன். 60 விநாடி எல்லோருக்கும் தெரியும். கோணத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கும் மினிட்தான். தமிழில் அதற்குக் கலை என்று பெயர். பன்மையில் மினிட்ஸ் என்றால் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு. அப்படிக் குறித்து வைப்பதைச் சொல்லும் வினையாகவும் வரும்.

எல்லாவற்றுக்கும் வேர், 'சிறிதாக்கப்பட்டது' என்ற பொருள் தரும் லத்தீன் சொல். பாகையை அறுபதாக வகுத்துக் கிடைத்ததை முதல் சிறு பகுதி, 'பார்ஸ் மினுட்டா பிரைமா' என்றார்கள். அதை மீண்டும் அறுபதாக வகுத்தால் இரண்டாம் சிறு பகுதி, 'பார்ஸ் மினுட்டா செக்குண்டா'. விநாடிக்குச் செகண்ட் என்று பெயர் வந்தது இப்படித்தான். அதே வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த இன்னொரு சொல், மெனு.