பயிர்ப்பும் நெற்பயிரும்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் எங்கள் உறவில் நடந்த திருமணத்தில் வாழ்த்துரை வழங்கிய பெரியவர் ஒருவர், பெண்ணுக்குரிய நான்கு குணங்களில் பயிர்ப்பு என்பது, முற்றிய நெற்பயிர் தலை சாய்வதைப் போன்ற அடக்கம் என்று விளக்கினார். கேட்க அழகாக இருந்தது. சரிதானா?

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். குறுவை, சம்பா, தாளடி என்று ஆண்டு முழுவதும் வயலையே பேசிக்கொண்டிருக்கும் நம் பக்கத்தில், பயிர்ப்பு என்றதும் பயிர் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. ஆனால் பெரியவர் ஓசையை மட்டும் பிடித்துக்கொண்டுவிட்டார். கதிர் சாய்வது மணியின் பாரத்தால். பயிர்ப்பில் யாரும் எதற்கும் தலை சாய்ப்பதில்லை.

தொல்காப்பியக் களவியல், 'அச்சமும் நாணும் மடனும் முந்துறுதல் நிச்சமும் பெண்பாற்கு உரிய என்ப' என்று அச்சம், நாணம், மடம் (பேதைமை) ஆகிய மூன்றைத்தான் சொல்கிறது. நான்காவதாகப் பயிர்ப்பையும் சேர்த்து எண்ணுவதை இறையனார் களவியல் என்ற பழைய அகப்பொருள் இலக்கண நூலின் உரையில் காண்கிறோம். பயிலாத பொருளிடத்து அருவருத்து நிற்கும் நிலை என்பது அங்கே அதற்குத் தரப்படும் பொருள். அருவருப்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். கும்பகோணம் செல்லும் நெரிசலான பேருந்தில் பின்னால் நிற்பவனின் கை பட்டதும், அது தற்செயலா, வேண்டுமென்றே பட்டதா என்று மனம் கணக்குப் பார்ப்பதற்கு முன்பே ஒரு பெண்ணின் தோள் சுருங்கி விலகி, கைப்பை இருவருக்கும் நடுவே வந்துவிடுகிறதே, அதுதான் பயிர்ப்பு. 'உடம்பு கூசுது' என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வது இதற்கு மிக அருகில் வருகிறது. வெட்கம் வேறு. வெட்கப்படுகிறவள் ஓரக்கண்ணால் மறுபடி பார்க்கக்கூடும். பயிர்ப்புக் கொண்டவள் திரும்பிப் பார்த்தால் அது முறைப்பாகத்தான் இருக்கும்.

(பறவை தன் துணையைக் கூவி அழைப்பதையும் பழந்தமிழ் பயிர்தல் என்றே சொல்லும். அழைப்பும் அருவருப்பும் இப்படி ஒரே ஓசைக்குள் வந்து அமர்ந்திருப்பது வேடிக்கைதான்.)

இக்குணங்களைப் பெண்ணுக்கு மட்டும் விதியாக்கியதில் எனக்கு உடன்பாடில்லை. வேண்டாத தொடுகைக்கு எவர் உடம்பும் கூசும். எனினும் அச்சத்தையும் மடத்தையும் போலன்றி, பயிர்ப்பு மறுக்கத் தெரிந்த குணம் என்பதால் இந்தச் சொல்லின் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. மணமேடையில் மட்டும் அது வேண்டாம். 'பயிர்ப்போடு வாழ்க' என்று மணமகளை வாழ்த்தினால், பக்கத்தில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையின் கதி என்ன?