பதில்: ஏப்ரம்ஸில் 'சினெக்டகி' எங்கே இருக்கிறது?

வணக்கம். பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு, எம்.எச். ஏப்ரம்ஸின் இலக்கியச் சொற்கள் நூலை ('எ குளோசரி ஆஃப் லிட்டரரி டெர்ம்ஸ்') வாங்கியும் சினெக்டகி (பகுதியைச் சொல்லி முழுமையைக் குறிப்பது, அல்லது மறுதலை), டிராமாட்டிக் ஐரனி (பாத்திரத்துக்குத் தெரியாதது பார்வையாளருக்குத் தெரிந்திருப்பது) இரண்டுக்கும் விளக்கமே இல்லை என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் இருக்கின்றன. 1957இல் முதலில் வந்த அந்த நூலை அகராதி மாதிரி புரட்டினால் எரிச்சல்தான் வரும். அது சிறு கட்டுரைகளின் தொகுப்பு. சினெக்டகி 'ஃபிகரேட்டிவ் லாங்குவேஜ்' (அணிநயமொழி) கட்டுரைக்குள்ளும், மற்றது 'ஐரனி' (முரண்நகை) கட்டுரைக்குள்ளும் தடித்த எழுத்தில் கிடக்கும். பதிப்பைப் பொறுத்து அகரவரிசையிலேயே பக்க எண் மட்டும் தந்திருப்பார்கள், அல்லது கடைசியில் சொல்லடைவு இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

ஆனால் ஐரனியை அவசரத்துக்கு ஒரு பத்தி மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள். கட்டுரை முழுவதும் படித்தால்தான் வகைகளுக்குள் என்ன வேறுபாடு என்று பிடிபடும், தேர்விலும் அங்கேதான் மாட்டுவார்கள். படித்ததும் 'மக்பெத்' முதல் அங்கம் நான்காம் காட்சியை எடுங்கள். முகத்தைப் பார்த்து மனதை அறிய வழியில்லை, துரோகம் செய்த காடர் பிரபுவை முழுமையாக நம்பினேனே என்கிறார் அரசர் டங்கன். அந்த நொடியில் மக்பெத் உள்ளே வருகிறான்! அவன் மனதில் ஓடும் கொலை எண்ணம் நமக்குத் தெரியும், அரசருக்குத் தெரியாது. விடைத்தாளில் இந்த ஒரு உதாரணமே போதும்.

சட்டென்று ஒரு சொல்லுக்குப் பொருள் வேண்டுமென்றால் கிறிஸ் பால்டிக்கின் ஆக்ஸ்ஃபோர்டு இலக்கியச் சொல் அகராதி வசதி, கடினமான சொற்களுக்கு உச்சரிப்பும் உண்டு. ஜே.ஏ. கடன் (Cuddon) என்பவரின் பென்குயின் இலக்கியச் சொல் அகராதி தடிமன். நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம், காசு போட வேண்டாம்.