சுடவே படாத பழைய கோல்ட் பைத்தான் ரிவால்வரைத் துருப்பிடிக்காமல் எப்படிப் பாதுகாப்பது?

கேள்வி இதுதான்: ஹூஸ்டன் பக்கம் வீடு. 1970-களில் வந்த, சுடாத கோல்ட் பைத்தான் (தங்கம் அல்ல, அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான Colt-இன் தயாரிப்பு), 6 அங்குலக் குழல், பளபளக்கும் நீல மெருகு, பழைய பெட்டியோடு இருக்கிறது. சுடும் எண்ணம் இல்லை. எப்படிச் சுத்தம் செய்து எடுத்து வைப்பது?

சுத்தம் செய்வதை முடிந்தவரை குறையுங்கள். சுடாத துப்பாக்கியில் தேய்த்து எடுக்கக் கரியோ ஈயமோ செம்போ கிடையாது. ஆலையில் சோதனைக்காகச் சில தோட்டாக்கள் சுட்டிருப்பார்கள். அதன் மங்கலான தடம் சிலிண்டர் முகப்பில் இருந்தால் அப்படியே விடுங்கள். வாங்குபவர்கள் அதைக் குறையாக எண்ண மாட்டார்கள், தேய்த்த தடத்தைத்தான் எண்ணுவார்கள்.

தொடுவதற்கு முன் தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். நைட்ரைல் கையுறை போடுங்கள்; வியர்வையின் உப்பு ஒரே இரவில் விரல் ரேகையை இரும்பில் பதித்துவிடும். பருத்திக் கையுறை எண்ணெயை உறிஞ்சும், வழுக்கவும் செய்யும். கோல்டில் சிலிண்டர் தாழ்ப்பாளைப் பின்பக்கம் இழுக்க வேண்டும் (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத் துப்பாக்கியில் முன்பக்கம் தள்ளுவார்கள்). திறந்து ஆறு அறைகளும் காலியா என்று பாருங்கள்.

மூடுவதில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். சிலிண்டரைச் சுழலவிட்டால், அடியில் அதைப் பூட்டும் சிறு முளை உரசிச் சுற்றிலும் மெல்லிய கோடு விழும். பெட்டி பிரிக்காத நிலை என்று சொல்லி விற்கும் துப்பாக்கியில் சேகரிப்பாளர்கள் முதலில் தேடுவது அந்தக் கோட்டைத்தான். எனவே சிலிண்டரின் ஒரு பள்ளம் அந்த முளைக்கு நேராக வரும்படி பிடித்து, இரண்டு கையாலும் மெதுவாக மூடுங்கள். சினிமாவில் காட்டுவதுபோல மணிக்கட்டை உதறி மூடினால் சிலிண்டரைத் தாங்கும் கை போன்ற உலோகப் பாகம் வளையும். ஹாமரை (பின்னால் உள்ள சுத்தியலை) இழுத்துப் பார்ப்பது, வெறுமனே விசையை அழுத்துவது இரண்டும் வேண்டாம். உள் இயந்திரத்தை மூடியிருக்கும் பக்கத் தகட்டைக் கழற்றவே கழற்றாதீர்கள். திருகின் பிளவு ஒரு முறை சிதைந்தால் எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும்.

கழற்றத் தக்கது மரப்பிடி மட்டும். மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் தங்கும் ஈரம் வெளியே தெரியாது. பிளவில் ஆடாமல் பொருந்தும் திருப்புளி எடுங்கள். திருகைப் பாதி தளர்த்தி அதன் தலையை உள்ளே அழுத்தினால் எதிர்ப்பக்கப் பிடி தானாக எழும்பும். நெம்பினால் ஓரம் உடையும்.

பழைய எண்ணெய் காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருந்தால், மணமற்ற மினரல் ஸ்பிரிட்டில் (பெயின்ட் தின்னர் வகை) நனைத்த மென்துணியை அதன் மேல் சில நிமிடம் வைத்து, இளகியதும் ஒற்றி எடுங்கள். குழலுக்குள் பிரஷ் விடாதீர்கள். பித்தளைக் கம்பியில் துணித்துண்டு மாட்டி, இரண்டு சொட்டு எண்ணெயோடு ஒரு முறை, உலர்ந்த துணியோடு ஒரு முறை போதும். கம்பி குழல்வாயின் விளிம்பில் உரசக் கூடாது. வாசனைக்காகவே பலர் விரும்பும் பழைய வகைக் குழல் கரைப்பான்களில் அம்மோனியா இருக்கும். நிக்கல் பூசிய துப்பாக்கியில் பூச்சுக்கு அடியில் செம்பு இருந்தால், அது அதைத் தின்று பூச்சையே உரிக்கும். நீல மெருகுள்ள இந்தத் துப்பாக்கியிலும் அதற்கு வேலை இல்லை.

இந்த நீலம் பெயின்ட் அல்ல. இரும்பின் மேல் வேதிமுறையில் உண்டாக்கிய இரும்பு ஆக்சைடு, அதாவது கட்டுக்குள் வைத்த ஒருவகைத் துரு. அது தனியாக நின்று துருவைத் தடுக்காது. மேலே ஒரு படலம் வேண்டும். பைத்தானைப் போலக் கண்ணாடியாக மெருகேற்றிய பரப்பில் எண்ணெய் வேறு நிற்காது, வழிந்து இறங்கிவிடும். அதனால் வெளிப்புறத்துக்கு எண்ணெயைவிட மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு நல்லது. பிரிட்டிஷ் மியூசியத்தில் 1950-களில் உருவான ரெனைசன்ஸ் வாக்ஸ் இதற்கென்றே பேர் பெற்றது. எண்ணெய்ப் பிசுக்கை முழுக்க எடுத்தபின், அரிசி மணி அளவு மெழுகைத் துணியில் எடுத்து மெல்லியதாகத் தேய்த்து, சில நிமிடம் விட்டு மெருகேற்றுங்கள். பிடிக்கு அடியிலுள்ள இரும்புக்கும் அதே. குழலுக்கும் அறைகளுக்கும் மட்டும் மெல்லிய எண்ணெய். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டத்தான், வருடக்கணக்கில் காக்க அல்ல. சமையல் எண்ணெய் வகைகள் பிசினாக இறுகும்.

துருப் புள்ளி இருந்தால்? வினிகர், துரு நீக்கிகள் எதுவும் ஆகாது. அவற்றுக்குத் துருவும் ஒன்றுதான், நீலமும் ஒன்றுதான்; இரண்டையும் கரைத்துவிடும். எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, செம்பின் விளிம்பால் மெல்லச் சுரண்டுங்கள். செம்பு இரும்பைவிட மென்மையானது. 1982-க்கு முந்தைய அமெரிக்கப் பென்னி (ஒரு சென்ட் நாணயம்) இதற்கு வாகானது, அதில் 95 சதவீதம் செம்பு. பிந்தையது செம்பு முலாம் பூசிய துத்தநாகம். புள்ளி போகாவிட்டால் நிறுத்துங்கள். திரும்ப நீலம் ஏற்றினால் சேகரிப்பு மதிப்பு பாதாளத்துக்குப் போகும்.

அடுத்து, பெட்டி. மரக்கோடு அச்சிட்ட அந்த அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் தெர்மக்கோல், உலோகத்தை ஒட்டி ஈரத்தைப் பிடித்துவைக்கும். தோல் உறை அதைவிட மோசம். பதனிட்ட உப்பும் அமிலமும் அதில் மிச்சம் இருக்கும். துப்பாக்கியைத் தனியாக, சிலிக்கோன் ஏற்றிய பின்னல் உறையில் வையுங்கள். நெடுநாள் திறக்கப்போவதில்லை என்றால், துருத்தடுப்பு ஆவி வெளியிடும் விசிஐ பையில் போட்டு மூடி, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பையை மாற்றுங்கள். சாதாரண பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே அகப்பட்ட ஈரம் இரவுக் குளிரில் வியர்த்துவிடும். பெட்டியை எறிந்துவிடாதீர்கள். அதன் ஓரத்தில் உள்ள எண் துப்பாக்கியின் சீரியல் எண்ணோடு பொருந்தினால் விலை கூடும். காகிதங்களோடு சேர்த்து வேறு இடத்தில் உலர்வாக வையுங்கள்.

ஹூஸ்டன் இருக்கும் மெக்சிகோ வளைகுடாக் கரையின் ஈரக் காற்றுக்கு பூட்டிய பெட்டகம் மட்டும் போதாது. உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நிற்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் துரு வேகமெடுக்கும். மிகவும் காய்ந்தால் வால்நட் பிடி சுருங்கி வெடிக்கும். மின்சூட்டுக் கம்பியைப் பெட்டகத்தின் அடியில் பொருத்தினால் காற்று லேசாகச் சூடாகி மேலெழும், ஈரப்பதம் இறங்கும். சிலிக்கா ஜெல் வைத்தால் நிறம் மாறியதும் ஓவனில் காயவையுங்கள். டப்பாவின் வகையைப் பொறுத்து 120 முதல் 150 டிகிரி செல்சியஸ், சுமார் 3 மணி நேரம். ஈரப்பதமானியை நம்புவதற்கு முன் சோதியுங்கள்: ஒரு மூடியில் உப்பைக் கெட்டியாகக் குழைத்து, மானியோடு பையில் மூடி 12 மணி நேரம் விட்டால் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் அந்த 5-ஐ எப்போதும் கூட்டிப் படியுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்தால் போதும், மாதாமாதம் வேண்டாம். ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுபோவதாக இருந்தால், உறையைத் திறக்காமல் சில மணி நேரம் விட்டு, இரும்பு வெளிச்சூட்டுக்கு வந்தபின் திறவுங்கள்.