இருபது காசு அபராதம்

கேள்வி: மலேசியாவில், பிறை என்ற ஊரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். இது இரண்டாம் ஆண்டு. நான்காம் படிவ மாணவர்கள் ஏதோ எழுதுகிறார்கள். பேசச் சொன்னால் வகுப்பே ஊமையாகிவிடுகிறது. தமிழ்ப் பிள்ளைகள் தமிழில் சந்தேகம் கேட்டால், "ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் மட்டும்" என்கிறார் பணித்தியத் தலைவர் (எங்கள் பாட ஆசிரியர் குழுவின் தலைவர்). அது சரியா? போதாக்குறைக்கு, முன்பு கொஞ்சம் படித்தேன் என்பதற்காக ஜப்பானிய மொழி வகுப்பையும் என் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.
– ஓர் ஆசிரியை

பதில்: தங்கச்சி, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னேன். சொன்னதோடு விட்டேனா? வேற்றுமொழி பேசினால் வார்த்தைக்கு 20 காசு என்று மேசையில் ஒரு மைலோ டின் வைத்தேன். மறுநாள் ஒரு பையன் ஒரு வெள்ளியை, அதாவது நூறு காசைப் போட்டுவிட்டு, "டீச்சர், அஞ்சு வார்த்தை பேசிக்கிறேன்" என்றான். அதிலேயே மூன்று செலவாகிவிட்டது. ('டீச்சர்' ஆங்கிலமாயிற்றே.) மற்றவர்கள் வாயைத் திறக்கவே இல்லை. டின் அன்றைக்கே வீடு திரும்பியது.

"ஐ கோ மார்க்கெட் யெஸ்டர்டே" என்று எழுதுகிறவன் பெரும்பாலும் மலாயில் யோசிக்கிறான். மலாயில் 'போ' என்பதற்கு நேற்றும் 'பெர்கி'தான், நாளையும் 'பெர்கி'தான். தமிழில் போனேன், போகிறேன், போவேன் என்று வினை மாறுகிறதே! அதைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'எ' (a), 'தி' (the) தொல்லைக்கும் வழி உண்டு. "புத்தகம் வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு புத்தகம். "புத்தகத்தை வாங்கினேன்" என்றால் நாம் ஏற்கெனவே பேசிய புத்தகம். அந்த 'ஐ' வரும் இடத்தில் பெரும்பாலும் 'தி' வரும். எழுவாய்க்கு இந்த வித்தை பலிக்காது. அங்கே 'அந்த' சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மலாய்ப் பிள்ளைகளுக்கு 'புக்கு இத்து' (அந்தப் புத்தகம்) போதும். ஆனால் தமிழ்ப் பிள்ளைகள் பக்கமே திரும்பி நின்று விளக்காதீர்கள். சீனப் பிள்ளைகள் முகம் வாடிவிடும். விளக்கம் அரை நிமிடம், அப்புறம் ஆங்கிலம்.

ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம்.மில், 2021 தேர்வு முதல் ஆங்கிலத்தில் பேச்சுக்கென்றே தனித் தாள் இருக்கிறது. இருவர் இருவராக உட்கார்கிறார்கள். கடைசிப் பகுதியில் கலந்து பேச வேண்டும். பலர் அங்கே திணறுவது ஆங்கிலம் தெரியாமல் மட்டுமில்லை, சொல்ல விஷயம் இல்லாமல். "கேன்டீனில் எதை மாற்றலாம்?" என்று கொடுத்து, முதல் இரண்டு நிமிடம் எந்த மொழியிலாவது சண்டை போடட்டும். அதையே பிறகு ஆங்கிலத்தில் போடச் சொல்லுங்கள். நடுவில் திருத்தாதீர்கள்.

ஜப்பானிய மொழியா? தாராளமாக எடுங்கள். 'ஹோன் ஓ கைமாஷித்தா': ஹோன் புத்தகம், ஓ நம் 'ஐ', கைமாஷித்தா வாங்கினேன். வரிசைகூட மாறவில்லை! ஆனால் ஒப்புக்கொள்ளும் முன், வேறு இரண்டு பாடவேளைகளைக் குறைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தில்.