வளவு விளக்குகள் இசைக்கு இசையுமா? – வாசகர் கேள்வி பதில்

பாட்டுக்கு ஏற்ப வீட்டு விளக்குகளின் நிறத்தையும் ஒளியையும் மாற்றும் மென்பொருள்களைப் பற்றிச் செட்டிநாட்டு வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில் வரும் தை மாதம் அப்பச்சிக்கு மணிவிழா நடத்தவிருக்கிறோம். வளவைச் (நடு முற்றத்தைச்) சுற்றியுள்ள தாழ்வாரத்தில் வண்ண எல்.இ.டி. பட்டைகளைப் பொருத்தி, நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் ஏற்ப அவை ஒளிரும்படி செய்யலாம் என்று என் தம்பி சொல்கிறான். பங்காளிகள் எல்லோரும் கூடியிருக்கும் இடத்தில் அது நன்றாக அமையுமா? செல்பேசிச் செயலியே அதற்குப் போதுமா? – வாசகி, காரைக்குடி

நன்றாக அமையும். ஆனால் செல்பேசிச் செயலி போதாது. விளக்குகளை வாங்குவதற்கு முன்பே, ஒலியை எங்கிருந்து எடுக்கப் போகிறோம் என்பதை உங்கள் தம்பி முடிவு செய்துகொள்ள வேண்டும். மற்றவை எல்லாம் அந்த ஒரு முடிவைப் பொறுத்தே அமையும்.

இத்தகைய மென்பொருள் ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளக்கிறது. அவற்றில் 1,024 அளவுகளை, அதாவது ஏறத்தாழ 23 மில்லி விநாடி ஒலியை, ஒரு கட்டாக எடுத்துக்கொண்டு, ஃபூரியர் உருமாற்றம் என்னும் கணக்கின் வழியே அதில் கனத்த ஒலி எவ்வளவு, நடுத்தர ஒலி எவ்வளவு, கீச்சொலி எவ்வளவு என்று பிரிக்கிறது. அந்த அளவுகளைக் கொண்டே எந்த விளக்கு எவ்வளவு ஒளிர வேண்டும் என்று முடிவு செய்கிறது. கணக்கில் பிழை நேராது. ஆனால் கணக்குக்குள் போகும் ஒலி கலங்கியிருந்தால் விளக்கும் தடுமாறும்.

வளவில் அந்த ஒலி கலங்கித்தான் இருக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும், கண்ணாடிபோல் மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரும் ஒலியை விழுங்குவதில்லை; திருப்பி அனுப்புகின்றன. தவிலின் ஓர் அடி அடங்குவதற்குள் அதன் எதிரொலி அடுத்த அடியின்மேல் விழுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றில் தூணருகே செல்பேசியை வைத்து, அதன் மைக் வழியாகவே விளக்குகளை இயக்கிப் பார்த்தேன். வந்தவர்களின் பேச்சும், வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டிலிருந்து வந்த பாத்திர ஓசையும், எதிரொலியும் சேர்ந்துகொண்டதால் நாகஸ்வரம் நின்ற பிறகும் விளக்குகள் துடித்துக்கொண்டே இருந்தன. அன்று முகூர்த்தத்துக்கு முன் நானே போய் அவற்றை அணைத்தேன்.

ஆகவே மைக் செட்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, மைக்குகளின் ஒலியைக் கலந்து தரும் அவருடைய மிக்சரிலிருந்து ஒரு தனி வெளியீட்டைக் கம்பி வழியே மடிக்கணினிக்குக் கொண்டுவாருங்கள். மடிக்கணினியின் சிறு மைக் துளையில் அதை நேரே செருகினால், மிக்சரின் வலுவான மின்குறிகை தாங்காமல் ஒலி சிதைந்துவிடும். நடுவே, ஒலியைக் கணினிக்கேற்ப மாற்றித் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் கருவி தேவை. சார்ஜர் இணைந்திருக்கும்போது இரைச்சல் கேட்டால் அதைக் கழற்றிவிட்டு பேட்டரியிலேயே ஓட்டுங்கள். மடிக்கணினியில் லெட்எஃப்எக்ஸ் என்னும் திறமூல மென்பொருளையும், விளக்குப் பட்டைகளை இயக்கும் இ.எஸ்.பி.32 சில்லில் டபிள்யூ.எல்.இ.டி. என்னும் மற்றொரு திறமூல மென்பொருளையும் நிறுவினால், முன்னது ஒலியைக் கேட்டு வீட்டின் வை-ஃபை வழியே நிறங்களை அனுப்பும், பின்னது அவற்றைப் பட்டையில் காட்டும். இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை.

அடுத்து நான் சொல்லப்போவது, மேற்கத்திய நடனப் பாடல்களுக்கென எழுதப்பட்ட வழிகாட்டிகளில் பெரும்பாலும் இருக்காது. ஒலி குறைந்தால் தானே கூட்டிக்கொள்ளும் ‘ஆட்டோ கெயின்’ வசதி பல மென்பொருள்களிலும் செயலிகளிலும் உண்டு. அது இயங்கினால் மென்மையான ராக ஆலாபனைக்கும் கெட்டி மேளத்துக்கும் விளக்குகள் ஒரே அளவில் ஒளிரும். மாங்கல்யதாரணத்தின்போது எல்லா வாத்தியங்களும் ஒருசேர எழும் அந்தக் கணத்துக்கென விளக்கிடம் எதுவும் மிச்சம் இருக்காது. அதை அணைத்துவிட்டு, காலையில் மேளக்காரர்களை ஒருமுறை கெட்டி மேளம் வாசிக்கச் சொல்லி, அந்த ஒலிக்கு விளக்கு முழுமையாக ஒளிரும்படி அளவைக் கையாலேயே நிறுத்துங்கள். பிறகு ஆலாபனைக்கு விளக்கு ஓரளவே எழும். அப்படித்தான் எழ வேண்டும்.

ஒளி சட்டென ஏறலாம், ஆனால் அரை விநாடிக்குக் குறையாமல் மெல்ல இறங்கட்டும். நிறங்களும் இரண்டுக்கு மேல் வேண்டாம். மஞ்சளும் செம்மஞ்சளுமே போதும். நீல ஒளியில் பர்மாத் தேக்குத் தூண்கள் கன்னங்கரேலென்று தெரியும், ஏனெனில் பழுப்பு நிற மரம் நீலத்தை மிகக் குறைவாகவே திருப்பி அனுப்பும். அந்தத் தூண்களைக் காட்டத்தானே விளக்கு வைக்கிறோம்?

கேள்வி: பிலிப்ஸ் ஹியூ விளக்குகளைப் பயன்படுத்துகிறேன். முகப்பில் உள்ள புளூடூத் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டால், விளக்கு முதலில் மாறிவிடுகிறது, தாளம் பிறகு கேட்கிறது. மூன்றாம் கட்டில் இருக்கும் ஆயாவுக்கோ இன்னும் பின்தங்கித் தெரிகிறதாம். பழுது எதில் உள்ளது? – வாசகர், தேவகோட்டை

எதிலும் பழுதில்லை. மென்பொருள் கணினிக்குள் இருக்கும்போதே பாட்டைப் பிடித்து விளக்குக்குச் சேதி அனுப்பிவிடுகிறது. புளூடூத்தோ அதே பாட்டைச் சுருக்கி, வானலையில் அனுப்பி, ஒலிபெருக்கியில் விரித்துச் சேர்ப்பதற்குள் பெரும்பாலும் 100 முதல் 300 மில்லி விநாடி வரை எடுத்துக்கொள்கிறது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தொலைக்காட்சிக்காக வகுத்த பரிந்துரையின்படி, காட்சிக்குப் பின் ஒலி ஏறத்தாழ 125 மில்லி விநாடி பிந்தினால் பார்ப்பவர்களுக்கு அது தெரியத் தொடங்குகிறது. ஒலி முந்தினாலோ 45 மில்லி விநாடியிலேயே தெரிந்துவிடுகிறது. கம்பி வழியே இணைத்துவிட்டால் உங்கள் தொல்லை பெருமளவு தீரும். கம்பி இழுக்க வழியில்லை என்றால், மென்பொருளில் உள்ள தாமத அமைப்பை 100 மில்லி விநாடியில் தொடங்கி, யாராவது ஒருவர் கைதட்டும் ஒலிப்பதிவை ஓடவிட்டு, தட்டலும் ஒளியும் ஒன்றாகும் வரை பத்துப் பத்தாகக் கூட்டிக்கொண்டே போங்கள்.

ஆயா சொல்வது வேறு கணக்கு, அவர் சொல்வது முற்றிலும் சரி. நம் ஊர்க் கோடை வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் ஓடுகிறது. அதாவது மீட்டருக்கு 3 மில்லி விநாடிக்குச் சற்றுக் குறைவு. ஒரு தெருவில் வாசலும் மறு தெருவில் கொல்லையுமாக நீண்ட வீட்டில், முகப்பிலிருந்து மூன்றாம் கட்டு 40 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒலி போய்ச் சேரவே ஏறத்தாழ 115 மில்லி விநாடி ஆகிவிடும். ஒளிக்கு அந்தத் தொலைவு ஒரு பொருட்டே இல்லை. எந்த மென்பொருளாலும் இந்த இரண்டையும் வீடு முழுவதற்கும் சேர்த்து ஒன்றாக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு கட்டுக்கும் அதன் ஒலிபெருக்கி, அதன் விளக்கு என்று பிரித்துவிடுங்கள். ஆயாவின் அறைக்கு ஒரு சிறு ஒலிபெருக்கி வைப்பதே முறை.

நீங்கள் பயன்படுத்துவதாக எழுதியுள்ள பிலிப்ஸ் ஹியூ வகை 2012-இல் வந்தது. ஜிக்பீ வானலை வழியே, பிரிட்ஜ் என்னும் பெட்டியின் துணையோடு அது இயங்குகிறது. சாதாரணக் கட்டளைகளாக அனுப்பினால் விநாடிக்குப் பத்து அளவில்தான் அது தாங்கும். இசைக்கும் படத்துக்கும் என்றே அமைந்த ‘என்டர்டெயின்மென்ட்’ பகுதியை உருவாக்கினால் விநாடிக்கு 25 மாற்றங்கள் வரை விளக்குகளுக்குப் போகும். வெள்ளை நிறச் சதுர வடிவப் பிரிட்ஜில் அத்தகைய ஒரு பகுதிக்கு 10 விளக்குகளே இடம் பெறும் என்பதால், அந்தப் பத்தையும் முகப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கனத்த சுவர்களைத் தாண்டி ஜிக்பீ வலுவிழக்கும் என்பதும் அதற்கு மற்றொரு காரணம்.

கேள்வி: எங்கள் வீட்டில் பழைய மரச்சட்ட வயரிங்தான் இன்னும் இருக்கிறது. ஐந்து மீட்டர் வண்ணப் பட்டை ஒன்றைப் போட்டால் தாங்குமா? – வாசகி, கோட்டையூர்

ஒரு பட்டைக்கு ஆகும் மின்சாரம் பெரிதல்ல. ஆனால் அது 5 வோல்ட்டில் ஓடுவதால் ஆம்பியர் பெரிது. மீட்டருக்கு 60 விளக்குகள் என்றால் ஐந்து மீட்டருக்கு 300. தனித்தனியே நிறம் மாறும் டபிள்யூ.எஸ். 2812 பி வகையில் ஒவ்வொன்றும் முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும் என்று கணக்கிட்டால் மொத்தம் 18 ஆம்பியர், அதாவது 90 வாட். பட்டையின் மெல்லிய செம்புத் தடத்தில் அவ்வளவு மின்னோட்டம் போகும்போது மின்னழுத்தம் குறைந்து, கடைசி மீட்டரில் வெள்ளை நிறம் செம்மஞ்சளாகத் தெரியும். இரு முனைகளிலிருந்தும் மின்சாரம் கொடுங்கள், டபிள்யூ.எல்.இ.டி.யில் மின்னோட்ட வரம்பு அமைப்பும் உண்டு, அதை உங்கள் பவர் சப்ளையின் திறனுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள்.

எனக்கு உண்மையான கவலை அந்தப் பழைய வயரிங்கைப் பற்றியதே. பல பத்தாண்டுகள் ஆன வயரின் உறை விரலால் தொட்டாலே உதிரக்கூடும். அது கிடப்பதோ காய்ந்த மரச் சட்டத்துக்குள். விளக்கு அலங்காரத்துக்கு முன் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்து, மீட்டர் பெட்டியிலிருந்து ஒரு தனிப் புதிய இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் பாதுகாப்புச் சுவிட்சும் போடச் சொல்லுங்கள். பட்டையின் பசையை மெருகுச் சுவரில் ஒட்ட வேண்டாம். உரிக்கும்போது சுண்ணாம்புப் பூச்சும் கூடவே வந்துவிடும், அந்தப் பூச்சை மீண்டும் அதே மெருகில் பூசும் கொத்தனார்கள் இன்று மிகச் சிலரே. அலுமினியச் சட்டத்தில் பட்டையைப் பதித்து, உத்தரத்தின் மேல் சும்மா சார்த்தி வைத்தால் போதும்.

கேள்வி: இரவில் கர்நாடக இசைப் பதிவுகளைக் கேட்கும் பழக்கம் உண்டு. தாளத்துக்கு ஏற்ப விளக்கு மாறும்படி அமைத்தேன். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களை அது ஒருமுறைகூடச் சரியாகப் பிடிக்கவில்லை. – வாசகர், அரியக்குடி

இந்தக் கேள்வி இன்றைய கச்சேரி முறையை வகுத்த இராமானுஜ ஐயங்காரின் ஊரிலிருந்து வந்திருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. தாளம் கண்டறியும் நிரல்கள், சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் கனத்த அடியைத் தேடுகின்றன. நம் தாளத்தின் முதல் தட்டு கையில்தான் இருக்கிறது. மிருதங்கத்தில் அது அழுத்தமாக விழ வேண்டிய கட்டாயம் இல்லை. பாட்டின் எடுப்பே சமம் என்னும் அந்த முதல் தட்டுக்குப் பின் வரலாம், தனி ஆவர்த்தனத்தில் வித்வான் அடிகளை வேண்டுமென்றே இடம் மாற்றிப் போடுவார். ஆலாபனையில் தாளமே கிடையாது. நிரல் தோற்பதில் வியப்பில்லை.

தாளத்தை விட்டுவிட்டு, ஒலியின் அளவை மட்டும் பின்பற்றும்படி அமைத்துப் பாருங்கள். சுருதிக்கு நிறம் கொடுக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் தம்புராவின் ஷட்ஜமும் பஞ்சமமும் இடைவிடாமல் ஒலிப்பதால் விளக்கு அந்த இரண்டு நிறங்களிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஸ்பாட்டிஃபை சேவையோடு ஹியூ விளக்குகளை இணைக்கும் வசதி 2021-இல் வந்தது. அது ஒலியைக் கேட்பதில்லை, பாட்டைப் பற்றி அந்தச் சேவை வைத்திருக்கும் தரவையே படிக்கிறது. ஆகவே நீங்களே கேசட்டிலிருந்து மாற்றிய பதிவுகளுக்கு அது உதவாது.

கேள்வி: என் பேத்திக்கு வலிப்பு நோய் உண்டு. பொங்கலுக்கு வரும்போது இந்த விளக்குகளைப் போடலாமா? – வாசகி, பள்ளத்தூர்

அவளுடைய மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். வலிப்பு உள்ள எல்லோரையும் ஒளிச் சிமிட்டல் பாதிப்பதில்லை. நூற்றில் ஏறத்தாழ மூவருக்கே அந்த இயல்பு உண்டு, ஆனால் குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் அது கூடுதல். விநாடிக்கு 3 முதல் 30 வரையிலான சிமிட்டல்களே பெரும்பாலும் தூண்டுகின்றன, அடர்சிவப்பு இன்னும் மோசம். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சிச் சித்திரத் தொடரில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாக மின்னிய காட்சிக்குப் பின் 600-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். மருத்துவர் சம்மதித்தாலும் வேகமாகச் சிமிட்டும், ‘ஸ்ட்ரோப்’ என்று பெயரிட்ட எல்லா அமைப்புகளையும் மென்பொருளிலிருந்து நீக்கிவிடுங்கள்; பேத்தி இருக்கும்போது விளக்கு மெல்ல ஏறி மெல்ல இறங்குவதாக மட்டும் இருக்கட்டும்.

கேள்வி: நள்ளிரவில் கரண்ட் போய் வந்தால் எல்லா விளக்குகளும் முழு வெள்ளையில் எரிந்து வீட்டையே எழுப்பிவிடுகின்றன. – வாசகர், காரைக்குடி

பெரும்பாலான ஸ்மார்ட் விளக்குகள், மின்சாரம் திரும்பியதும் எரியும்படியே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. செயலியின் அமைப்புகளில் ‘பவர் ஆன்’ என்று தொடங்கும் பகுதியில், முன்பிருந்த நிலைக்கே திரும்பு என்பதைத் தேர்ந்தெடுங்கள். டபிள்யூ.எல்.இ.டி.யில் எல்.இ.டி. அமைப்புப் பக்கத்தில், தொடங்கும்போது எரியவேண்டும் என்ற குறியை எடுத்துவிட்டால் போதும்.