249 கிராம் ட்ரோன் என்றால் ஆட்கள் மேலேயே பறக்கவிடலாமா? விதிகளை எப்படிப் புரிந்துகொள்வது?

உங்கள் கேள்வி இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: புதிதாக 249 கிராம் ட்ரோன் வாங்கியிருக்கிறீர்கள். "250 கிராமுக்குள் இருந்தால் விதியே கிடையாது" என்று நண்பர் சொல்கிறார். தேடிப் படித்தால் 5 மீட்டர், 30 மீட்டர், 50 மீட்டர், 150 மீட்டர் என்று ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு கணக்கு. எதை நம்புவது?

நண்பர் சொன்னதை நம்பாதீர்கள். அந்த எண்களை நம்புங்கள். ஆனால் மனப்பாடம் செய்யாமல், எங்கிருந்து வந்தன என்று பாருங்கள்.

நானும் முதலில் மனப்பாடம்தான் செய்து வைத்திருந்தேன். ஒருநாள் 700 கிராம் ட்ரோன் ஒன்றை மைதானத்தின் ஓரமாக 30 மீட்டர் உயரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ப்ரொப்பல்லர் கழன்றுவிட்டது. நான்கு ப்ரொப்பல்லர் உள்ள சாதாரண ட்ரோனில் ஒன்று போனால் மீதி மூன்றும் தாங்காது. சுழன்றுகொண்டே இறங்கியது. நேர்கீழே விழும் என்று நினைத்தேன். அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே இருபது மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் விழுந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் இரண்டு சிறுவர்கள் அதே இடத்தில் பந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். காற்றுத் தடையை விட்டுவிட்டால், 30 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் தரைக்கு வர சுமார் இரண்டரை நொடி ஆகும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தால் அதற்குள் 25 மீட்டர் முன்னே போய்விடும். 50 மீட்டர் உயரம், நொடிக்கு 15 மீட்டர் வேகம் என்றால் 48 மீட்டர். பழகியவர்கள் "எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் தள்ளி" என்று சொல்வது இதனால்தான். 40 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்களா, பக்கத்தில் இருக்கும் ஆளும் குறைந்தது 40 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஐரோப்பிய ஒன்றிய விதியைப் படித்துப் பாருங்கள். சி2 முத்திரை (ட்ரோன் எந்த வகை என்று அதன்மேல் இருக்கும் குறி) உள்ள, 4 கிலோவுக்குக் குறைவான ட்ரோனை, கூடுதல் தேர்வு எழுதியவர் ஆட்களிடமிருந்து 30 மீட்டர் தள்ளி ஓட்டலாம். குறைவேக முறையைப் போட்டால் 5 மீட்டர் வரை நெருங்கலாம். அந்த முறையில் வேகம் நொடிக்கு 3 மீட்டரைத் தாண்டாது. 5 மீட்டர் உயரத்திலிருந்து விழ ஒரு நொடி ஆகும், அதற்குள் 3 மீட்டர்தான் நகரும். எனக்கு அந்த 5 மீட்டர் புரிந்தது இப்படித்தான். அந்த முத்திரையோ தேர்வோ இல்லாத பெரிய ட்ரோன் என்றால், ஆள் இல்லாத வெட்டவெளிக்குப் போக வேண்டும், குடியிருப்புகளிலிருந்து 150 மீட்டர் தள்ளி. பிரிட்டனில் சாதாரணமாக 250 கிராமும் அதற்கு மேலும் உள்ள ட்ரோனுக்கு 50 மீட்டர். இதில் பலரும் தவறுவது ஓர் இடத்தில். அந்த 50 மீட்டர் பக்கவாட்டுத் தூரம். 80 மீட்டர் உயரத்தில் போனாலும் ஆளுக்கு நேர்மேலே கடக்கக்கூடாது.

சரி, 250 கிராம் எங்கிருந்து வந்தது? 2015-இல் அமெரிக்க விமானத் துறை, எந்த எடைக்கு மேல் பதிவு கட்டாயம் என்று பரிந்துரைக்க ஒரு குழு அமைத்தது. தலையில் விழும் பொருள் எவ்வளவு ஆற்றலோடு மோதினால் உயிருக்கு ஆபத்து என்பதில் தொடங்கி, 80 ஜூல் என்ற அளவை வைத்து 250 கிராமுக்கு வந்தார்கள். 250 கிராம் நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் மோதினால் ஏறக்குறைய அவ்வளவு வரும். அதாவது உங்கள் ட்ரோன் அந்த எல்லையில்தான் நிற்கிறது. ஒரு குழந்தையின் கண்ணில் பட்டால், அந்த எல்லைக்குக் கீழே இருந்தாலும் காயம்தான். கூடவே, பாதுகாப்பு வளையத்தையோ பெரிய பேட்டரியையோ மாட்டினால் 249 கிராம் 250-ஐத் தாண்டிவிடும். சமையலறைத் தராசில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

எடை குறைந்தால் விதியும் குறைகிறது என்பது உண்மைதான், ஆனால் இல்லாமல் போவதில்லை. இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை 'நானோ'. அதை ஓட்ட விமானிச் சான்றிதழ் வேண்டாம். ஆனால் சிவப்பு மண்டலம் நானோவுக்கும் சிவப்பு மண்டலம்தான், அனுமதியில்லாமல் போகக்கூடாது. பிரிட்டனில் 2026 ஜனவரி 1 முதல் 100 கிராம் ட்ரோனுக்கே தேர்வு எழுதி அடையாள எண் வாங்க வேண்டும். ஐரோப்பாவில் கேமரா இருந்தால், பொம்மை வகையைத் தவிர, 250 கிராமுக்குக் கீழேயும் உரிமையாளர் பதிவு செய்ய வேண்டும்.

ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் சின்ன ட்ரோன் தனி ஆள் மேலே போகலாம், கூட்டத்துக்கு மேலே போகக்கூடாது. கூட்டம் என்பதற்கு அவர்கள் எண்ணிக்கை வைக்கவில்லை. ட்ரோன் விழுந்தால் அங்கே இருப்பவர்கள் விலகி ஓட இடம் இருக்கிறதா என்பதுதான் அளவுகோல். மிக நல்ல வரையறை என்று எனக்குப் படுகிறது. பெரிய மைதானத்தில் நாற்பது பேர் சிதறி நின்றால் கூட்டமில்லாமல் இருக்கலாம். குறுகிய வாசலில் முட்டிக்கொண்டு நிற்கும் இருபது பேர் கூட்டம்தான். அனுபவசாலிகளுக்கும் விழும் என்பதை மறக்காதீர்கள். 2015 டிசம்பரில் இத்தாலியில் நடந்த பனிச்சறுக்கு உலகக் கோப்பைப் போட்டியில், படம்பிடித்துக்கொண்டிருந்த ட்ரோன் மார்செல் ஹிர்ஷர் என்ற வீரருக்குச் சற்றுப் பின்னால் வந்து நொறுங்கியது. அதை ஓட்டியவர்கள் தொழில்முறையாளர்கள்.

அப்புறம், "அவர்கள் விழாவுக்கு வந்தவர்கள்தானே, ட்ரோன் இருப்பது தெரியுமே" என்ற வாதம் செல்லாது. ஐரோப்பிய விதிப்படி ஒருவர் 'சம்பந்தப்பட்டவர்' ஆக வேண்டுமென்றால் அவரிடம் சொல்லி, சம்மதம் வாங்கி, பிரச்சினை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று விளக்கியிருக்க வேண்டும். அவரும் வேறு வேலையில் மூழ்காமல் ட்ரோனைக் கவனிக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். அண்ணாந்து பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் சம்பந்தப்பட்டவர் இல்லை.

விதிப் புத்தகத்தைப் படிக்கும்போது கண்ணில் படாத ஒன்று, தானாக வீடு திரும்பும் வசதி. ரிமோட் தொடர்பு அறுந்தால் பல ட்ரோன்கள் அமைத்து வைத்த உயரத்துக்கு ஏறி, கிளம்பிய இடத்துக்கு நேர்கோட்டில் வரும். நீங்கள் அரை மணி நேரம் கவனமாகச் சுற்றிப் போன நடைபாதைக்கு மேலேயே அந்தக் கோடு போகலாம். அதனால் நான் இப்போது கிளம்பும் இடத்தைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறேன். எனக்கும் பறக்கவிடப் போகும் பகுதிக்கும் நடுவில் ஆள் நடமாட்டம் இருக்கக்கூடாது. வழியில் இருக்கும் மரங்களைவிட உயரமாகத் திரும்பும் உயரத்தை வைக்கிறேன்.

உங்கள் 249 கிராம் ட்ரோனுக்கு என் பதில் இது: முதல் பத்து முறை பேட்டரி தீரும் வரை ஆளே வராத வெளியில் ஓட்டிப் பழகுங்கள், விடியற்காலை நல்லது. உங்கள் நாட்டு விமானத் துறையின் வரைபடத்தில் அந்த இடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ட்ரோன் எப்போதும் வெறும் கண்ணுக்குத் தெரியட்டும். யாராவது நடந்து வருவது தெரிந்தால் ட்ரோனை அங்கேயே நிறுத்தாமல், அவர்கள் வரும் பாதையிலிருந்து விலக்கிக் கொண்டுவந்து இறக்கிவிடுங்கள். அவர்கள் கடந்து போன பிறகு மறுபடி ஏற்றலாம்.