நவோமி என்றால் கசப்பா?

கேள்வி: மூன்று மாத மகளுக்கு நவோமி என்று பெயர் வைத்தோம். ‘கசப்பு’ என்று பொருள் என ஒரு இணையதளத்தில் போட்டிருக்கிறது. எண் கணிதம் பார்ப்பவர், ஓர் எழுத்தைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று பணம் கேட்கிறார். ஞானஸ்நானப் பதிவில் வேறு ‘நகோமி’ என்று எழுதிவிட்டார்கள். பெயரை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள். பணமும் கொடுக்காதீர்கள்.

இந்த எபிரேயப் பெயரின் வேருக்கு இனிமை, இதம் என்று பொருள். “சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுகிறது எத்தனை நன்மையும் எத்தனை இன்பமுமானது” என்று 133-ஆம் சங்கீதம் பாடுகிறதே, அந்த ‘இன்பம்’ எபிரேயத்தில் இதே வேர்தான்.

கசப்பு எப்படி வந்து ஒட்டியது? வேதாகமத்தின் ரூத் புத்தகத்தில், கணவனையும் இரண்டு மகன்களையும் மோவாபில் பறிகொடுத்துவிட்டு பெத்லகேம் திரும்பும் நகோமி, தன்னை இனி ‘மாராள்’ என்று கூப்பிடச் சொல்கிறாள். கசப்பு என்று பொருள்படுவது அந்த மாராள். ஆனால் இரண்டே வசனம் தள்ளி, கதை அவளை மறுபடி நகோமி என்கிறது. அவள் மருமகள் ரூத்துக்குக் குழந்தை பிறந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள், “நகோமிக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்தது” என்கிறார்கள். மாராள் என்று ஒருவர்கூட அவளைக் கூப்பிடவில்லை! பெயர்ப் பட்டியல் தளங்கள் இதையெல்லாம் படிப்பதில்லை. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுகின்றன.

இனிமை என்ற பொருளுக்கு ஒரே ஒரு விதிவிலக்கு. ஜப்பானிலும் நவோமி என்று பெண்களுக்குப் பெயர் உண்டு. ‘நவோ’, ‘மி’ என்று இரண்டு துண்டாக எழுதுவார்கள். நேர்மை, அழகு என்று பொருள்படும் எழுத்துகளைப் போட்டால் அந்தப் பொருள். வேறு எழுத்துகளைப் போட்டால் பொருளும் வேறு. ஒலி ஒத்துப்போனது தற்செயல். யாராவது அந்தப் பொருளைச் சொன்னால், அது உங்கள் மகளின் பெயரைப் பற்றியது இல்லை.

அப்புறம் அந்த ‘க’. எபிரேயத்தில் இந்தப் பெயருக்கு நான்கே எழுத்து. இரண்டாவது ‘அயின்’, தொண்டையின் அடியிலிருந்து வரும் ஒலி. தமிழில் அதற்கு எழுத்து இல்லாததால் வேதாகமத்தில் ‘க’ போட்டார்கள். சீரியத் தளபதி நாகமானின் பெயரிலும் அப்படித்தான். ‘நவோமி’ ஆங்கில உச்சரிப்பு வழியாக வந்தது. இரண்டும் ஒரே பெயர்தான்.

ஆனால் அலுவலகங்களில் அயினை யார் கேட்கப்போகிறார்கள்? ஓர் எழுத்து மாறினால் பெற்றோரை நாள்கணக்கில் அலையவிடுகிறார்கள். பார்க்கவே ஆத்திரமாக வருகிறது. அதனால் பிறப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ, அதே எழுத்துகளைப் பள்ளியிலும் பாஸ்போர்ட்டிலும் கொடுங்கள். ஞானஸ்நானப் பதிவிலும் அதையே சேர்த்து எழுதித் தரும்படி இப்போதே உங்கள் போதகரிடம் கேளுங்கள்.